வலப்பக்கத்துக் கைப்பிடி

ஐந்து வரைக்கும் ஒழுங்காகத்தான் வந்தது. ஆறாவது வளையத்தை இடுக்கியால் எடுத்ததும் தணிகாசலத்தின் கை நின்றுவிட்டது. நடுக்கமெல்லாம் இல்லை. அறுபத்திரண்டு வயதிலும் அவர் கை நடுங்காது, அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. சும்மா நின்றது, அவ்வளவுதான். மேசையில் விரித்த வெள்ளைத் துண்டின்மேல், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, டீசல் எஞ்சின் ஒருக்களித்துப் படுத்திருந்தது. வாங்கும்போது அது ஏதோ அமெரிக்க எஞ்சின்; மூக்கு வேறு, முதுகு வேறு. மீட்டர்கேஜில் ஓடிய நம்மூர் டீசலை எவனும் பொம்மையாகச் செய்து விற்கவில்லை, விற்றிருந்தாலும் தணிகாசலம் வாங்கியிருக்க மாட்டார். அறுத்து, தேய்த்து, ஒட்டி, எட்டு மாதமாக அதை 6327 என்கிற எஞ்சினாக மாற்றிக்கொண்டிருக்கிறார். தீர்ந்துபோன பேனா ரீஃபிலின் முனைதான் ஹாரன். முன்னால் மாடு தள்ளும் தடுப்பு, மனைவி செண்பகத்தின் பவுடர் டப்பாவை வெட்டிச் செய்தது. டப்பாவில் பாதி பவுடர் இருக்கும்போதே வெட்டினார் என்று அவள் இரண்டு நாள் பேசவில்லை. இப்போது பாக்கி கைப்பிடி ஒன்றுதான். எஞ்சினின் நீண்ட உடம்பை ஒட்டி, ஆள் நடக்க ஒரு குறுகலான பலகை போகும். நடக்கிறவன் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. கம்பியைப் பிடித்து நிறுத்த ஒரு பக்கத்துக்கு ஒன்பது தாங்கிகள். பழைய ஃபேன் மோட்டாரில் உருவிய செம்புக் கம்பியை ஊசியில் ஒரே சுற்றுச் சுற்றி முறுக்கினால் ஒரு தாங்கி. ஒன்பதையும் வைத்து நடுவில் கிடார் கம்பியைக் கோத்தால் கைப்பிடி. இடப்பக்கம் நேற்றே முடிந்துவிட்டது. வலப்பக்கத்தில் ஐந்து. நாலு மணிக்கு எத்திராஜுலு சார் வந்து எடுத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறார். இப்போது இரண்டே கால். நாலு வளையம் வைக்க அரைமணி நேரம் போதும். மிச்ச நேரம் எதற்கு என்று யோசித்தார். யோசித்திருக்க வேண்டாம்.

எத்திராஜுலு சாருக்கு எண்பது முடிகிறது. ஒரு காலத்தில் அவர் டிரைவர், தணிகாசலம் அவருக்கு அசிஸ்டென்ட். ஒரே எஞ்சினில் ஏழு வருஷம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து புகையும் டீயும் குடித்தவர்கள். உலகத்தில் இன்றைக்கும் அவரைத் தணி என்று கூப்பிடுகிற ஆள் சார் ஒருத்தர்தான். அப்பா போய்விட்டார், அண்ணன் போய்விட்டார், செண்பகம் கூப்பிடுவது "இந்தாங்க". போன கார்த்திகையில், சதாபிஷேகத்துக்கு என்ன சார் வேணும் என்று வாயைக் கொடுத்தது தணிகாசலமேதான். சால்வை கேட்பார், பெருமாள் படம் கேட்பார் என்று பார்த்தால், "ஒரு எஞ்சின் பண்ணிக் குடுறா" என்றார். "எந்த எஞ்சின் சார்?" "அறுபத்துமூணு இருபத்தேழு." "அதுவா சார்? வேற நல்லதா ஒண்ணு…" "அதான்." அவ்வளவுதான் பேச்சு. எட்டு மாதமாக அந்த "அதான்" தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. ஏன் அந்த எஞ்சின்? சாருக்குத் தெரியுமோ? தெரிந்தால் இந்த வீட்டு வாசற்படி மிதிப்பாரா? மிதிக்க மாட்டார். அப்போ தெரியாது. தெரியாது என்றால் ஏன் அந்த எஞ்சின்? நூறு எஞ்சின் ஓட்டியிருக்கிறோம், அதில் நம்பர் ஞாபகம் இருப்பது இது ஒன்றுதானோ என்னவோ. இருக்கலாம். எனக்கும் அப்படித்தானே. இப்படித்தான் இந்த நினைப்பு தினமும் புறப்படும், தினமும் அதே இடத்துக்கு வந்து சேரும், பலகையில் அவர் போட்டிருக்கிற வட்டத் தண்டவாளத்தில் ஓடும் வண்டியைப் போல. எந்த ஊருக்கும் போகாது, ஆனால் ஓய்வதும் இல்லை.

ஆறாவது வளையத்தைத் திரும்ப டப்பா மூடியில் வைத்தார். விழுந்தால் தேட முடியாது, கடுகைவிடச் சின்னது. போன வாரம் ஒன்று விழுந்து, செண்பகம் கூட்டி அள்ளிக்கொண்டு போய்விட்டாள். குப்பைமுறத்தைக் கொட்டி உட்கார்ந்து தேடிய தன்னைப் பார்த்து அவள் சொன்னது நினைவு வந்தது. "கல்யாணத்துல என் மூக்குத்தி தொலைஞ்சப்போகூட நீங்க இப்படித் தேடல." உண்மைதான். மூக்குத்தியின் கல் ஐந்தா ஏழா என்று கேட்டால் தெரியாது. ஆனால் ஓர் எஞ்சினின் பக்கவாட்டில் காற்றுப் போகும் பட்டைகள் எத்தனை, படிக்கட்டு எத்தனை, கைப்பிடிக்குத் தாங்கி எத்தனை என்று எண்ணாமல் அவரால் இருக்க முடியாது. பிறவிக் கோளாறு. இன்றைக்குத் தாங்கி ஒன்பது என்று சொல்ல வரைபடம் இருக்கிறது, மும்பைக்காரர் ஒருத்தர் அனுப்பினார். அன்றைக்கு என்ன இருந்தது? எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அட்டையிலும் தீக்குச்சியிலும் அவர் முதல் எஞ்சினைச் செய்ய ஆரம்பித்திருந்த வருஷம் அது, தொண்ணூற்றுமூன்று. வீட்டில் உட்கார்ந்து ஒட்டும்போது ஏழு என்று தோன்றும், எட்டு என்று தோன்றும். நாளைக்கு டூட்டியில் எண்ணிவிடலாம் என்று நினைப்பார். டூட்டியில் மறந்துபோகும். மறந்துபோய்க்கொண்டே இருந்திருக்கக் கூடாதா? என்ன கெட்டுப்போயிருக்கும், தீக்குச்சி எஞ்சினில் ஒரு குச்சி குறைந்திருக்கும்.

அந்த டீசலுக்கு ஓட்டுகிறவர்கள் உட்கார ஒரே ஓர் அறைதான், உடம்பின் ஒரு கோடியில். அறை முன்னால் வருகிறமாதிரி ஓட்டினால் கவலையில்லை, முன்னால் எல்லாம் தெரியும். எஞ்சினைத் திருப்பிப் போட வசதி இல்லாத ஊர்களிலிருந்து வரும்போது நீண்ட உடம்பு முன்னால் போகும், அறை பின்னால் வரும். அப்படி ஓட்டுவது, வீட்டின் முன்னறை முழுக்க பீரோவை நிறுத்திவிட்டுப் பின்கட்டிலிருந்து வாசலைப் பார்ப்பது போல. இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு இடப்பக்கம் மட்டும்தான் தெரியும். பாதை வலப்பக்கம் வளைந்தால் ஒன்றுமே தெரியாது. அங்கே டிரைவருக்குக் கண், அசிஸ்டென்ட். அதற்காகத்தான் கேட்டுச் சொல்கிற வழக்கம். சிக்னல் வந்தால் இரண்டு பேரும் கையை நீட்டி உரக்கச் சொல்ல வேண்டும்; வளைவில் ஆளில்லாத கேட் வந்தால் டிரைவர் கேட்பார், அசிஸ்டென்ட் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வான். "கேட்டு?" "கிளியர்!" சார் கேட்கிற விதம் தனி. பக்கத்து வீட்டுக்காரரை எங்கே கிளம்பிட்டீங்க என்று விசாரிப்பது மாதிரி இருக்கும், அவசரமே இருக்காது. "கேட்டு?" ஒரு டூட்டிக்கு நாற்பது தடவை, ஐம்பது தடவை. கோவிலில் ஐயர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற மாதிரி வாய் தானாகச் சொல்லப் பழகிவிடும். அதுதான் இந்தத் தொழிலில் நஞ்சு. சொல்லச் சொன்னது பார்ப்பதற்காக. கொஞ்சநாள் போனால் பார்ப்பது போய்விடும், சொல்வது மட்டும் மிஞ்சும்.

சீர்காழிக்கு இந்தப் பக்கம், வலப்பக்கம் வளைகிற இடம். மாலை ஐந்து மணி வெயில், சாய்ந்து எஞ்சினின் உடம்பில் விழுந்து, கைப்பிடியின் ஒவ்வொரு தாங்கிக்கும் ஒரு நிழல் வைத்திருந்தது. அவ்வளவு துல்லியமாக அது அதற்குமுன் தெரிந்ததே இல்லை. இப்போது எண்ணிவிடலாம் என்று நினைத்தார். இருபத்தொன்பது, முப்பது வயது. கல்யாணமாகி நாலு மாதம். வயிற்றில் செண்பகம் கட்டிக்கொடுத்த புளிச்சோறு. அறையின் வலப்பக்க ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்து எண்ண ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே பெயின்ட் உரிந்திருந்தது, அதுகூட இன்னும் கண்ணில் இருக்கிறது. நாலு. "கேட்டு?" என்றார் சார். "கிளியர்" என்றார் தணிகாசலம். ஐந்து. அப்புறம் பிரேக். அந்தப் பிரேக்குக்குச் சத்தம் என்று சொல்ல முடியாது, தரை கீழேயிருந்து எழுந்து வந்து முழங்காலை அடித்தது. தண்டவாளத்தை வலமிருந்து இடமாகக் கடந்தவள், சாரின் பக்கத்தில் தெரிந்தபோதுதான் சார் பிடித்தார். தலையில் பெரிய புல்லுக்கட்டு, காதையும் கண்ணையும் மறைத்துக்கொண்டு. ஹாரன் ஒன்று முன்னாலேயே அடித்திருந்தால் போதும். தணிகாசலம் தலையைத் திருப்பியிருந்தால் அவள் வயல் வரப்பிலிருந்து ஏறுவதே தெரிந்திருக்கும். அந்த வளைவில் வலப்பக்கம் ஒரு மரம் கிடையாது, மேடு கிடையாது, ஒன்றும் கிடையாது. அத்தனையும் திறந்த வெளி. சார்தான் இறங்கிப் பின்னால் ஓடினார். "நீ வண்டியப் பாத்துக்க" என்றார். தணிகாசலம் வண்டியைப் பார்த்துக்கொண்டார். வண்டியை மட்டும் பார்த்துக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் உண்டா.

"இன்னும் முடியலையா?" என்று செண்பகம் டீயோடு உள்ளே வந்தாள். மணி மூன்றாகிவிட்டதா? ஆகிவிட்டது. "பொம்மைக்கு வளையல் போட ஒரு நாள் பூரா. எனக்கு வளைகாப்புகூட இவ்வளவு நேரம் நடக்கல." அவர் சிரித்தார். சிரிப்பது போல் முகத்தை வைத்தார் என்று சொல்வதுதான் சரி. அவள் நின்று முகத்தைப் பார்த்தாள். "என்னவாம்?" "ஒண்ணுமில்ல." "எத்திராஜுலு சார் வர்றதுக்கு ஏதாச்சும் செய்யட்டா? அவருக்குக் கேசரி புடிக்கும்." "செய்யேன்." "ஒரு மாதிரியா இருக்கீங்க. மாத்திரை போட்டீங்களா?" போட்டேன் என்றார். கேட்டதும் சொல்லிவிட்டார்; போட்டாரா இல்லையா என்பது சொன்ன பிறகுதான் யோசனைக்கு வந்தது, போடவில்லை. டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். முப்பத்திரண்டு வருஷம் கழித்தும் அதே வாய். செண்பகத்திடமும் சொன்னதில்லை. வண்டியில் ஒரு பெண் விழுந்துட்டா என்றுதான் அன்று வந்து சொன்னார். விழுந்துட்டா. அவள் எங்கே விழுந்தாள், தன் பாட்டுக்கு மாட்டுக்குப் புல் எடுத்துக்கொண்டு போனாள். செண்பகம் அன்றைக்கு அவருக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, திருஷ்டி கழித்து, அடுப்பில் மிளகாய் போட்டாள். மிளகாய் நெடி வரவில்லை, ரொம்பக் கண்ணு பட்டிருக்கு என்றாள். கண்ணாம் கண்.

விசாரணையில் ஒரே கேள்வி. "நீங்கள் பார்த்துவிட்டுத்தான் கிளியர் சொன்னீர்களா?" "ஆமாம். பார்த்தபோது யாரும் இல்லை. திடீரென்று ஏறிவிட்டார்." கையெழுத்து. வேலை போய்விடும் என்ற பயம். அது பொய்யில்லை, போயிருக்கும். வயிற்றுப் பிழைப்பு என்று தனக்குத்தானே நிறையச் சொல்லிக்கொண்டார். அப்புறம் புரமோஷன், அப்புறம் அவரே டிரைவர், அப்புறம் மெயில் வண்டி, அப்புறம் மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள், பென்ஷனும் வருகிறது. இப்போது யாருக்குப் பயம்? எந்த விசாரணை இருக்கிறது? ஆனாலும் பயம் குறையவில்லை, இடம்தான் மாறியது. இப்போதைய பயம் சார் ஒருத்தர்தான். ஏனென்றால் அந்தப் பழியை அவர் எடுத்துப் போட்டுக்கொண்டார். யாரும் அவர்மேல் சுமத்தவில்லை, காகிதத்தில் ஒரு வரி இல்லை. "அவ தெரிஞ்சதும் கை உடனே பிரேக்குக்குப் போகலடா. ரெண்டு செகண்டு. ரைட் டைமுக்கு மாயவரம் போயிடலாம்னு நெனச்சிட்டிருந்தேன், அந்த நெனப்புல கை கொஞ்சம் நின்னுடுச்சு." நூறு தடவை சொல்லியிருப்பார். அந்தப் பெண்ணின் கருமாதிக்கு ஊருக்குப் போய்த் தூரத்தில் நின்றுவிட்டு வந்தார். கறி மீனை விட்டார். வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குக் காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குப் போய் அப்பா அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற கையோடு அவளுக்கும் விடுவார், ஐயர்கள் முகம் சுளித்தாலும் விடமாட்டார். ஒருதடவை அவள் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். "விடுங்க சார், பழசையெல்லாம்" என்று தணிகாசலம் பேச்சை மாற்றினார். அவர் அழும்போதெல்லாம் தணிகாசலத்திடம் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. "ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல சார்." நெஞ்சைத் தொட்டுச் சொன்ன உண்மை. அதைவிடக் கேவலமான உண்மையை யாரும் சொல்லியிருக்க முடியாது.

ஆறாவது வளையம். எடுத்தாகிவிட்டது, துளையில் இறக்கியாகிவிட்டது, ஊசிமுனையில் ஒரு சொட்டுப் பசை, அது காய்வதற்குள் மூச்சை அடக்க வேண்டும். டிரைவரான பிறகு அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: ரெண்டுவாட்டி. அசிஸ்டென்ட் பையன்கள் வைத்தது. எதைக் கேட்டாலும் இரண்டு தடவை கேட்பார். "கேட்டு?" "கிளியர் சார்." "பாத்தியா? இன்னொரு தடவ பாத்துச் சொல்லு." பையன்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். இருபத்திரண்டு வருஷம் அப்படி ஓட்டி, ஒரு நாய்கூடச் சாகாமல் இறங்கினார்; அதனால் என்ன, கணக்கு நேராகிவிடுமா? ஏழு. மூக்குக் கண்ணாடி வழுக்கியது, வேர்வை. சொல்லிவிட்டால் சாருக்கு என்ன ஆகும்? எண்பது வயது, நெஞ்சில் இரண்டு இடத்தில் ஸ்டென்ட். பாரம் இறங்குமா, இல்லை ஆளே சாய்ந்துவிடுவாரா? சொல்லாவிட்டால் அந்த இரண்டு செகண்டைத் தூக்கிக்கொண்டே போய்ச் சேருவார். அவர் போன பிறகு யாரிடம் சொல்வது? சொல்லாமல் இருப்பது அவருக்காகத்தான் என்று ஒரு குரல் எப்போதும் நயமாகப் பேசும். அந்தக் குரலை அவருக்கு நன்றாகத் தெரியும், விசாரணையில் கையெழுத்துப் போட வைத்த அதே குரல்தான். எட்டு. இந்த வீட்டுக்கு அவர் வராமல் போனால் ஞாயிற்றுக்கிழமை யாரோடு டீ குடிப்பது என்று ஒரு அற்ப நினைப்பு வந்தது. அற்பமாக இருந்தாலும் அதுதான் நிஜம். அந்த ஒரு டம்ளர் டீக்காகத்தான் இவ்வளவும். ஒன்பது. வலப்பக்கத்தில் முதல்முறையாக ஒன்பதுக்கு வந்து சேர்ந்திருந்தார். கிடார் கம்பி ஒன்பது வளையத்துக்குள்ளும் ஓர் இடத்திலும் சிக்காமல் நேராகப் போனது. கண்ணை எஞ்சினுக்குச் சமமாகத் தாழ்த்திப் பார்த்தார். அழகாக இருந்தது. அழகாக இருப்பதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

நாலு மணிக்குச் சரியாக வாசலில் ஆட்டோ நின்றது. சாருக்கு இன்னும் ரைட் டைம் பழக்கம் போகவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. செண்பகத்திடம், "என்னம்மா, கேசரி வாசன ஜி கார்னர் பஸ் ஸ்டாப் வரைக்கும் வருது" என்றார். உள்ளே வந்து எஞ்சின் பக்கத்தில் நின்றார். தொடவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நம்பரைக் குனிந்து படித்தார்.

"தணி, இது பொம்ம இல்லடா."

"சும்மா ஓட்டிப் பாருங்க சார்."

அறையின் நடுவில் பலகை; பலகையில் வட்டத் தண்டவாளம், ஒரு ஸ்டேஷன், ஐஸ்குச்சியில் செய்த ஆளில்லாத கேட் ஒன்று; ஓரத்தில் வண்டியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகி. நாற்காலியை இழுத்துப்போட்டுச் சார் பலகையின் ஓரமாக உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர், தாழ்ந்த நாற்காலி. கண் சரியாகப் பலகையின் உயரத்துக்கு இருந்தது. தணிகாசலம் எதிர்ப்பக்கம் நின்றார். எஞ்சினைத் தண்டவாளத்தில் வைக்கும்போது எந்தப் பக்கம் முன்னால் என்று அவர் யோசிக்கவில்லை. வைத்த பிறகுதான் பார்த்தார், நீண்ட உடம்பு முன்னால், அறை பின்னால். மாற்றி வைக்கலாம். கை நீண்டது, அதற்குள் சார் திருகியைத் திருப்பிவிட்டார்.

எஞ்சின் புறப்பட்டது. சார் உதட்டை இறுக்கிக்கொண்டு, தோள் முன்னால் சாய, ஒரு கையால் திருகியை மெல்ல மெல்லத் திறந்தார். ஒரு சுற்று. இரண்டாம் சுற்றில் கேட்டை ஒட்டிய வலப்பக்க வளைவு வந்தது. எஞ்சினின் உடம்பு கேட்டை மறைத்தது. சார் முகத்தில் வேறு ஏதோ வயது வந்து உட்கார்ந்திருந்தது. அவசரமே இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரரை விசாரிப்பது போல,

"கேட்டு?" என்றார்.

தணிகாசலத்தின் வாய் திறந்துவிட்டது. சொல் நாக்கில் வந்து நின்றது. அவர் கண் கேட்டில் இல்லை, வலப்பக்கத்துக் கைப்பிடியில் இருந்தது.

"பாக்கல சார்."

"என்னது?"

"பாக்கல. அன்னிக்கும் நான் பாக்கல சார். பாக்காமதான் கிளியர்னு சொன்னேன்."

சார் திருகியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். எஞ்சின் கேட்டுக்கு முன்னாலேயே நின்றது.

"சீர்காழிலயா?"

"ஆமா சார்."

"என்ன பண்ணிட்டிருந்த?"

"எண்ணிட்டிருந்தேன். இந்தக் கைப்பிடிக்கு எத்தன தாங்கின்னு. அஞ்சு வரைக்கும் எண்ணினேன்."

சார் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்களையில் செண்பகம் கரண்டியைச் சட்டியில் தட்டுகிற சத்தம் கேட்டது. அவர் விரலை நீட்டி ஒவ்வொரு வளையமாகத் தொட்டுக்கொண்டே போனார், உதடு அசைந்தது. ஒன்பதில் விரல் நின்றது.

"இதுக்கா?"

தணிகாசலம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"ரெண்டு செகண்டு, ரெண்டு செகண்டுன்னு ஒங்கிட்டதானடா வந்து அழுதேன். ஒங்க மேல தப்பில்ல சார், தப்பில்ல சார்னு சொல்லுவ. இவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றான், நம்ம மேல இவ்வளவு பாசமான்னு நெனச்சுக்குவேன்." சாரின் குரல் உயரவே இல்லை. "நேர்ல நின்னு அத ஒரு தடவ பாத்துட்டுப் போகணும்னுதான் இந்த வண்டியக் கேட்டேன். அது முன்னாடி நின்னு, அந்தப் பொண்ணுகிட்ட மன்னிச்சுக்கன்னு சொல்லலாம்னு. எட்டு மாசம் ஒக்காந்து பண்ணியே. எட்டு மாசம்."

அவர் அழுதுவிடுவார் என்று தணிகாசலம் பயந்தார். அழவில்லை. தடியைத் தேடி எடுத்து, எழுந்தார். பிடிக்கப் போன தணிகாசலத்தின் கையை வேண்டாம் என்று ஒதுக்கினார். எஞ்சினைக் காட்டி, "இது இங்கயே இருக்கட்டும்" என்றார். கேசரித் தட்டோடு வந்த செண்பகம் இருவர் முகத்தையும் பார்த்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். சார் அவள் கையிலிருந்த தட்டில் ஒரு விரல் கேசரி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "நல்லாயிருக்கும்மா" என்றார். செருப்பை மாட்டினார். ஒரு கால் மாட்டி, மறுகாலை மாட்டாமல் சற்றுநேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆடி அமாவாச என்னிக்கு?"

"அடுத்த மாசம் இருபத்திநாலு, சார்."

"இந்த வருசம் நான் ஊத்தல. நீ வா. விடிகாலம் அம்மா மண்டபத்துக்கு வந்து நீ ஊத்து. அதுக்கப்புறம் வண்டிய எடுத்துக்கறதா வேணாமான்னு பாக்கறேன்."

"வர்றேன் சார்."

"பேரச் சொல்லித்தான் ஊத்தணும். பேரு தெரியுமா ஒனக்கு?"

எஞ்சின் நம்பர் தெரியும். வண்டி நம்பர் தெரியும். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே பெயின்ட் எவ்வளவு உரிந்திருந்தது என்பது தெரியும்.

"தெரியாது சார்."

சார் மறுகாலையும் செருப்பில் நுழைத்தார்.

"தையல்நாயகி" என்றார். "சொல்லு."

"தையல்நாயகி."

"இன்னொரு தடவ சொல்லு."